சிவப்புச் சட்டை இல்லாதவள்

வியாழக்கிழமை வந்தால் நொமொன்டேவுக்கு வயிறு எரியும்.

தென்னாப்பிரிக்காவின் ம்லுங்கிசி ஊர்த் தேவாலயத்தில் அன்றுதான் பெண்கள் சங்கத்தின் ஜெபக்கூட்டம். கல்யாணமாகி, சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காலரும் அணிவிக்கப்பட்டவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். கறுப்பினப் பெண்கள் வெள்ளைக்கார மிஷன் சீமாட்டிகளின் பிடியிலிருந்து தங்கள் சங்கத்தை எப்படி மீட்டார்கள் என்று பல வருடங்களாக ஆராயும் நொமொன்டேவுக்குக் கல்யாணமாகவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

புலெல்வா உள்ளே இருந்தாள். பல்கலைக்கழகத்தில் நொமொன்டே இருக்கும் அதே வரலாற்றுத் துறை, அதே வயது. போதகரைக் கட்டியதால் சங்கத்துக்கே தலைவி! இப்போது காலியாக இருக்கும் பேராசிரியர் பதவிக்கும் இருவருமே போட்டி.

அந்தக் காலத்தில், வெள்ளைக்காரத் தலைவியின் கூட்டத்திலிருந்து பெண்கள் வெளியேறிச் சங்கத்தைத் தங்களுடையதாக்கிய நாளில், முதலில் எழுந்தவள் மாடோலோ கிழவி. அன்று அங்கிருந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவளும் அவள்தான். அவள் ஏன் எழுந்தாள்? அது தெரியாமல் நொமொன்டேவின் புத்தகம் முடியாது.

"சட்டை போட்டுட்டு வாடி மகளே, சொல்றேன்," என்பாள் மாடோலோ. "புருஷன் கிடைக்கலியா? உன் படிப்பைப் பாத்து ஓடிட்டானா?"

இந்த வியாழக்கிழமை ஜன்னல் வழியே கிழவியின் முதுகு தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களின் ஜெப ஓலத்தில் ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை. புலெல்வா மண்டியிட்டு, கிழவியின் கையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐயோ, அந்த நாளின் கதை அவளிடம் போயிற்றே! நொமொன்டே ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரமே மாடோலோ இறந்துபோனாள்.

ஆனால் புலெல்வா ஒரு வரிகூட எழுதவில்லை. பதவி நொமொன்டேவுக்கு வந்தது. துறையில் தேநீர் விருந்து நடந்த அன்று, புலெல்வாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்டி எழுதல? எனக்குப் பிச்சை போட்டியா?"

"ஜெபத்துல சொன்னது வெளிய வரக்கூடாதுடி. தலைவி நானே மீறுவேனா?" புலெல்வாவின் கண் கலங்கியது. "தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. நீ குடுத்து வெச்சவ. எதை வேணாலும் எழுதலாம். பாத்தா பொறாமையா இருக்கு."

"உனக்கா பொறாமை? அந்தக் குரல் உன் காதுல இருக்கு. எனக்கு என்னடி இருக்கு, வெறும் நாற்காலி!"

புலெல்வா நகரப் பார்த்தாள். அவள் தோளிலிருந்து முந்தானை போலத் தொங்கிய சால்வையை நொமொன்டே பற்றிக்கொண்டாள்.

"அழுதுட்டே சொன்னாளா, சிரிச்சிட்டே சொன்னாளா? அதையாவது சொல்லேன்டி!"

புலெல்வா வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். குலுங்கிய அவள் முதுகைப் பார்த்து, அழுகையா சிரிப்பா என்று நொமொன்டேவுக்குத் தெரியவில்லை.