வாஜித்தின் ஓநாய்

"இந்த எடத்துலதாங்க மொதல்ல நகம் மொளைக்கும்" என்று வாஜித் தன் கைபேசியை நீட்டுவான். மெத்தை உறை வாங்க வந்தவர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நிற்பார். கல்லாவிலிருந்து அக்கா அஃபீபா, "உறையக் குடுத்து அனுப்புடா" என்பாள். அனுப்பமாட்டான். திரையில் தச்சன் முழு ஓநாயாக ஆகும்வரை வாடிக்கையாளர் நின்றுதான் ஆக வேண்டும்.

அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் டிவியில் தமிழ் பேசி ஓடிய வெளிநாட்டுத் தொடர் அது. பனி கொட்டும் ஊரில் ஒரு தச்சன். பௌர்ணமி வந்தால் ஓநாயாகிவிடுவான். வாஜித்துக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. எடப்பாடியில் அவன் தைக்கும் மெத்தைக்கு நல்ல பெயர். நாலு மூலையும் கிண்ணென்று நிற்கும். வாயைத் திறந்தால்தான் வம்பு. பௌர்ணமியன்று அஃபீபா கறி எடுத்து வந்தால், "இன்னிக்கு வேண்டாங்க்கா, அவனுக்கு ஆகாது" என்பான்.

"எவனுக்குடா ஆகாது?"

வாஜித் வானத்தைப் பார்ப்பான். அஃபீபா கறிப்பையைத் தொப்பென்று வைப்பாள்.

அம்மா இறந்தபின் தம்பிக்குப் பெண் தேடுவது அவள் தலையில் விழுந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சேலத்துச் சம்பந்தம் ஒன்று, பெண்ணின் அப்பாவை உட்காரவைத்து அவன் தொடரில் மூன்று பாகம் போட்டுக் காட்டியதில் கெட்டது. அதனால் மல்லசமுத்திரத்திலிருந்து ஷஹர்பானு தன் மகளுக்காக மாப்பிள்ளை பார்க்க வருகிறாள் என்றதும், அஃபீபா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"ஓநாய்னு ஒரு வார்த்த வந்துச்சு, அப்பறம் நான் இந்த ஊட்டுப் படி ஏறமாட்டேன்."

வாஜித் சொல் தட்டவில்லை. ஷஹர்பானு வந்து உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "சரிங்க". பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் கடைக்கு ஷஹர்பானுவின் போன் வந்தது.

"பையன் தங்கமானவருங்க. ஆனா வாயே தொறக்கலியே. எம்பொண்ணு கலகலன்னு பேசறவ. ஊமையாட்டம் இருக்கறவரோட எப்படிங்க காலம் தள்ளுவா? நாங்க வேற எடம் பாத்துக்கறோங்க."

அஃபீபாவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

"ஏனுங்க, இவனா ஊமை? இவன் வாய அடச்சு வெச்சது நானுங்க. அந்த ஓநாய் எழவப் பேசி மானத்த வாங்கிருவான்னுதான்."

"என்ன ஓநாய்ங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. அஃபீபா ஆத்திரத்தோடேயே சொல்ல ஆரம்பித்தாள். தச்சன், பனி, கழுத்தில் பட்ட கடி. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவனைத் தொழுவத்தில் தள்ளிப் பூட்டுகிற அவன் அக்கா. "பூட்டிப்போட்டு வாசல்லயே உக்காந்துக்குவாளுங்க. உள்ளருந்து இவன் கத்துவான், தொறந்து உடுன்னு. பாவம், அவளுக்கு மட்டும் கல் மனசா?" எந்தக் காட்சியும் விட்டுப்போகவில்லை. இத்தனை வருஷம் காதில் விழுந்ததெல்லாம் வரிசை பிசகாமல் வந்தது. தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தாள்.

"அப்பறம்?" என்றாள் ஷஹர்பானு. "கதவத் தொறந்து உட்டாளா? இருங்க இருங்க, எம்பொண்ணும் கேக்கோணும்ங்கறா. ஸ்பீக்கர்ல போடறேன்."

அஃபீபா போனைக் காதிலிருந்து எடுத்து, முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டாள். "அன்னிக்கின்னு பாத்துப் பூட்டு சரியா உழுகலீங்க..."

வாஜித் ஊசியைப் பாதி தைத்த மெத்தையில் குத்திவைத்தான். அக்காவின் காலடியில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகவாயைத் தாங்கிக்கொண்டு கேட்டான்.