கிணற்றில் இறங்கிய ஊதா

படாரென்று ஒரு சத்தம். மருந்து கலக்கும் அறைக்குள் புட்டி உடைந்தது. முன்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த லூர்துசெல்வியின் கை அப்படியே நின்றது. இன்னொன்றும் உடைந்தது.

"ஐயோ சார், சனங்க வூட்டுப் புட்டி சார் அது!" கம்பவுண்டர் விருத்தாசலம் கெஞ்சினார்.

"பதினாலு வூட்ல வயித்துப்போக்கு. எல்லாம் இந்தப் பழைய புட்டியாலதான். இனிமே புதுப் புட்டி வாங்கியாந்தாத்தான் மருந்து." சுகாதார ஆய்வாளர் தாண்டவராயனின் குரல் அது.

அது 1961. திண்டிவனத்தின் அந்தச் சின்ன மருந்தகத்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே புட்டி கொண்டுவருவார்கள். அதைக் கழுவித் தருவது லூர்துசெல்வியின் வேலை. கண்டமங்கலத்தில் கணவனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்தச் சம்பளத்தில்தான் மகள் சகாயசெல்வி பள்ளிக்கூடம் போகிறாள். லூர்துசெல்வி மருந்தகத்துக் கிணற்று மேடையில் குந்தி, புட்டிக்குள் சாம்பலும் பொடிமணலும் போட்டுக் குலுக்குவாள். வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

மூன்று நாளுக்கு முன், வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்துப் புட்டியைக் கழுவினாள். அடுத்து இறைத்த வாளியில் லேசான ஊதா. எட்டிப் பார்த்தாள். மேடையின் விரிசலிலிருந்து உட்சுவரில் ஊதாக் கோடு இறங்கியிருந்தது. நோயாளிகளின் புட்டி கழுவிய தண்ணீர், தெருவே குடிக்கிற கிணற்றுக்குள்! சொன்னால் வேலை போகும். வாயைத் திறக்காமல், வேலியோரம் போய்க் கழுவத் தொடங்கினாள். சனங்கள் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குள் போனாள். ஆய்வாளரின் கையில் மூன்றாவது புட்டி, களையெடுக்கிற வீரம்மாளுடையது. புதுசு வாங்க அவளால் ஆகாது.

"உடைக்காதீங்க சார். தப்பு புட்டி மேல இல்ல. கழுவன எம்மேல."

"இன்னா செல்வி, பேசாம போம்மா!" விருத்தாசலம் பதறினார்.

"வாங்க சார், காட்டறேன்."

தாண்டவராயன் கிணற்றை எட்டிப் பார்த்தார். மேடையின் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"கழுவன பின்னால கொதிக்க வெக்கிறது உண்டா?"

"இல்ல சார்."

"விரிசல அடைச்சி, பிளீச்சிங் பவுடர் போடற வரைக்கும் யாரும் இங்க எறைக்கக் கூடாது. புட்டிய வேலியோரம் கழுவி, கொதிக்க வெச்சி மருந்து ஊத்துங்க."

"அப்ப புதுப் புட்டி?" என்றார் விருத்தாசலம்.

"தேவையில்ல."

அவர் நோட்டில் எழுதுவதையே லூர்துசெல்வி பார்த்தாள். "எம்பேரும் எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேன்மா. கழுவனதும் நீங்கதான், காட்டனதும் நீங்கதான்னு எழுதியிருக்கேன். டாக்டர் படிச்சிட்டு இன்னா செய்வாரோ, எனக்குத் தெரியாது."

அவர் வாசலுக்குப் போய்ச் சைக்கிளை எடுத்தார்.

"இன்னா நின்னுக்கினு கீற?" விருத்தாசலம் உடைந்த கண்ணாடியைத் தானே பொறுக்கிக்கொண்டு சொன்னார். "தெருக்கோடிக் கிணத்துல தண்ணி எடுத்தாந்து ஜல்தியா அண்டாவ ஏத்து. டாக்டர் வரும்போது தண்ணி கொதிக்கணும். மிச்சத்த நான் பேசிக்கறேன்."

லூர்துசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சைக்கிள் தெருமுனை திரும்பியதும், யாரும் இறைக்க வராதபடி கிணற்றுப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, குடத்தோடு தெருக்கோடிக்கு நடந்தாள்.