சிம்பாங் பூலாய் குகையடியில் ஒரு பகல் சாப்பாடு

1922ஆம் ஆண்டு மாசி மாதம் நானும் என் மனைவி செல்லம்மாவும் ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய் பக்கத்துச் சுண்ணாம்புமலைக் குகைக் கோயிலுக்குப் போய்வந்தோம். காய்ச்சலில் கிடந்த எங்கள் மகள் பிழைத்தால் வருவதாக வேண்டியிருந்தோம். அவள் பிழைக்கவில்லை. இனி எதற்குப் போவது என்றேன். "அவ பேரச் சொல்லி ஒரு வெளக்காச்சும் ஏத்தணும்," என்றாள் செல்லம்மா. அதனால் கிளம்பினோம்.

தெலுக் ஆன்சனில் காலை ஆறரைக்கு ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. தாப்பா ரோட்டில் வண்டி மாற வேண்டும்; அங்கே முக்கால் மணி நேரம் காத்திருப்பு. வழி நெடுகப் பால்மரக் காடுகள். ரப்பர் விலை விழுந்த பிறகு பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றிருந்தது. மரங்களில் கோப்பைகள் கவிழ்ந்து கிடந்தன.

ஈப்போவில் இறங்கியபோது மணி பத்தேகால். குகை அங்கிருந்து ஏழு மைல். போக வர இரண்டு வெள்ளிக்கு ஒரு வாடகை மோட்டாரைப் பேசினோம். ஓட்டி கோவிந்தன், என் வயதுக்காரர்.

"அண்ணே, சோறு இங்கயே கட்டிக்குங்க. அங்க கொட்டாயில விக்கிறாங்க, ஆனா டவுன் ஆளுங்க தொடமாட்டாங்க," என்றார்.

"ஏன், நல்லா இருக்காதா?"

"சமையலுக்கு ஒண்ணும் கொறையில்ல. ஆளுங்கதான்..." என்று இழுத்தார். எனக்குப் புரிந்தது. புரிந்தும் முப்பது காசுக்கு இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். அதை இங்கே மறைப்பதற்கில்லை.

குகைக்குள் நல்ல குளிர். மேலிருந்து சொட்டும் நீர் படாத இடமாகப் பார்த்துச் செல்லம்மா விளக்கேற்றினாள். மகளின் பெயரை ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு இறங்கி வந்துவிட்டோம்.

அடிவாரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகை. முப்பது வயது மதிக்கத்தக்க அஞ்சலை என்ற பெண் அடுப்படியில் நின்றாள். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவள். தோட்டத்தை மூடியதும் பெரும்பாலோர் கப்பலேறி ஊர் திரும்பிவிட, ஆறு குடும்பங்கள் மட்டும் தங்கிவிட்டன. லயத்து வீடுகளில் இருந்துகொள்ளலாம், ஆனால் சம்பளமும் அரிசியும் கிடையாது என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டாராம். அவள் புருஷன் மாட்டுவண்டி ஓட்டினார். மற்றவர்கள் இளநீர், பூ, கற்பூரம் விற்றார்கள். குகைக்கு வருகிறவர்களை நம்பித்தான் அத்தனை பேரும்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். பட்டுத் துண்டு போட்ட ஒருவர் தேநீரைக் கையில் வாங்கியபின் கேட்டார். "நீங்க என்ன ஆளுங்க?"

அஞ்சலை சொன்னாள். ஒளிக்கவில்லை.

அவர் கோப்பையை அப்படியே பலகையில் வைத்துவிட்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்து போனார்கள். அஞ்சலை தேநீரைக் கீழே ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவினாள். பானை நிறையச் சோறு இருந்தது.

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். செல்லம்மா அதைப் பார்க்காமலே, "அக்கா, எனக்குச் சோறு போடுங்க," என்றாள்.

"நம்மகிட்டதான் இருக்கே," என்றேன் மெதுவாக.

"ஆஸ்பத்திரியில பாப்பாவ மடியிலயே வச்சிருந்தாங்களே அந்த ஆயா, அவங்க என்ன ஆளுன்னு கேட்டமா?"

பொட்டலத்தை மடித்தேன். நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பருப்புக் குழம்பும் முருங்கைக்கீரையும். இலை பன்னிரண்டு காசு. கோவிந்தன் எங்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மோட்டாரண்டை நின்றே சாப்பிட்டார்.

"பத்துப் பேரு சாப்ட்டா ஆறு வீட்லயும் ஒல ஏறும். இப்படி எந்திரிச்சிப் போனா, கப்பல்தான்," என்றாள் அஞ்சலை.

"தோட்டத்த மூடுனப்பவே போயிருக்கலாமேக்கா?" என்றாள் செல்லம்மா.

"ரெண்டு பிள்ளைய இந்த மண்ணுலதான் பொதச்சிருக்கேன். விட்டுட்டு எங்க போறது?"

செல்லம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். மகள் போனதிலிருந்து அழாதவள், அந்த இலை முன்னால் அழுதாள். அஞ்சலை அடுப்பை விட்டு வந்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அழுகை அடங்கியதும் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். செல்லம்மா அதையும் சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில் கோவிந்தன், "கொழம்பு எப்படிண்ணே?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். மறுவருஷம் எங்கள் ஊரார் எட்டுப் பேருடன் போனபோது, கொட்டகையில் அவரே ஓர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆறு குடும்பங்களில் நான்குதான் மிஞ்சியிருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: மாலை நான்கு மணிக்குள் ஈப்போ திரும்பினால் ரயில் கிடைக்கும். மாட்டுவண்டிக்கு அரை வெள்ளிதான், ஆனால் இரண்டு மணி நேரமாகும். சோறு கட்டிக்கொண்டு போக வேண்டாம். குகைக்கு ஏறும்போதே கொட்டகையில் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால், இறங்குவதற்குள் சமைத்து வைப்பார்கள். குகையிலிருக்கும் சாமி நாம் போகாவிட்டாலும் அங்கேயே இருப்பார். அடிவாரத்தில் இருப்பவர்கள் அப்படியல்ல.