புயலுக்கு மொட்டை

நாய்க் காப்பகத்தில் வேலை பார்க்கும் சக பாவிகளே, நம் தொழிலில் நாய் கடித்தால் போட ஊசி இருக்கிறது. நாய் கேட்டு வருகிறவர்கள் பேசுவதற்குத்தான் இன்னும் யாரும் ஊசி கண்டுபிடிக்கவில்லை.

குத்தம்பாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் காப்பகத்தின் கேட்டில் ஒரு நாள் காலையில் யாரோ ஒரு ஹஸ்கி ஜாதி நாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இளம் வயசு, நீலக் கண், உடம்பெல்லாம் பஞ்சுப் பொதி மாதிரி முடி. அவிழ்த்துவிட்டதும் தண்ணீர்த் தொட்டியில் குதித்து, என் மேல் ஏறி, என் சாப்பாட்டுப் பையைக் கவ்விக்கொண்டு ஓடியது. புயல் என்று பெயர் வைத்தோம். இவனுக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஏசி அறை

முகப்பேர் அடுக்குமாடியிலிருந்து ஒருவர் வந்தார். பனிநாட்டு நாய்க்குத் தனி அறை, தனி ஏசி என்றார். தினமும் ஓடவிட வேண்டும் என்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். ஒரே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். சோபாவைக் குதறிவிட்டதாம், ஊளை கேட்டு மாடி வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். வெளியே கூட்டிப்போனீர்களா என்று கேட்டேன். சோபாவைக் குதறியதே நான்தான் என்பது போல முறைத்தார்.

"ஏசி ரூமை விட்டு அது எதுக்கு சார் வெளிய வரணும்? என் மாமியாருக்கே நான் குடுக்காத வசதி சார் அது!"

காவல்

அடுத்து பூந்தமல்லியில் குடோன் வைத்திருப்பவர். ஓநாய் மாதிரி இருக்கிறது, காவலுக்கு ஆகும் என்றார். ஆளைக் கண்டால் கொஞ்சும் ஜாதி இது, காவலுக்கு லாயக்கில்லை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. சில நாளில் புயலோடும் செல்போனில் ஒரு வீடியோவோடும் வந்து நின்றார். சுவரேறிக் குதித்த திருடன் முன்னால் புயல் வாலாட்டிக்கொண்டு முன்னங்காலை நீட்டுகிறான்.

"திருடன் வந்தா கொரைக்கணும் நைனா! இது அவனுக்குக் கை குடுத்து, தெருமுனை வரைக்கும் வழியனுப்பிட்டு வந்துகீது!"

ஆள்கள் மூன்று முறை கைவிட்டதில் புயல் உடைந்து போனான். கேட்டுக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டான். சோற்றைத் தொடவில்லை. இன்னொரு முறை திரும்பி வந்தால் பிழைக்க மாட்டான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மொட்டை

நெமிலிச்சேரியிலிருந்து தேவி வந்தார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மகள் போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடுகிறாளாம், துணைக்கு நாய் வேண்டுமாம். ஓடுகிற வீடு என்றதும் சந்தோஷமாக அனுப்பி வைத்தேன். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறான் என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. தலையிலிருந்து வால் வரைக்கும் மொட்டை, மேலே சந்தனம்! வெயிலிலிருந்து அவன் தோலைக் காப்பாற்றுவதே அந்த முடிதான். யார் செய்தது என்று கத்தினேன். தேவி பெருமையாகச் சிரித்தார்.

"கொலசாமி கோயில்ல மொட்டை அடிக்கிறவரு மாட்டேன்ட்டாரு சார். எங்க ஊட்டுக்காரருதான் மெஷினு வச்சி பொறுமையா அடிச்சாரு!"

வேண்டுதல்

கோபத்தில் வாரை எடுத்துப் புயல் கழுத்தில் மாட்டினேன். இவர்களை நம்ப முடியாது, கூட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். காப்பகத்து டாக்டருக்குப் போன் போட்டேன். முடி மெதுவாக வளர்ந்துவிடும், அதுவரை வெயில் படாமல் நிழலில் வைக்கணும் என்றார். புயலை இழுத்தேன். என் மேல் ஏறிக் குதிக்கிறவன், தேவியின் காலடியில் படுத்துக்கொண்டு நகர மறுத்தான். பக்கத்தில் அவன் சோற்றுத் தட்டு, ஒரு பருக்கை இல்லாமல் வழித்துத் துடைத்தது போல் இருந்தது.

எதற்கம்மா மொட்டை என்றேன். வந்த புதிதில் புயல் பட்டினி கிடந்தானாம். அவன் தொண்டையில் ஒரு வாய் சோறு இறங்கினால் மொட்டை போடுவதாகத் தேவி வேண்டிக்கொண்டாராம். அவர் வீட்டில் உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தானாம். இழுப்பதை விட்டுவிட்டேன். தேவி என் கையிலிருந்த வாரைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே வேண்டிக்கினா என் தலையக் குடுக்கறேன் சார். புள்ளய மட்டும் கேக்காதீங்க."

ஏசி போட்டவரிடமிருந்தும் காவலுக்குக் கேட்டவரிடமிருந்தும் திரும்பி வந்த நாயை, மொட்டை அடித்தவரிடமே விட்டுவிட்டு வெறும் வாரோடு பஸ் ஏறியதுதான் என் தொழில் அனுபவம்.