டவுன் கணக்கில் அக்காவின் சீனி வருத்தம்

மாத்தளை மாவட்டத்தில் எந்த மூலையில் எவ்வளவு சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்று கணிப்பதுதான் என் வேலை. யாரையும் சோதிக்காத இடத்துக்கும் கணக்குச் சொல்லும் பேயீசியன் முறை எங்களுடையது. முதலில் விஷயம் தெரிந்தவர்களிடம், எங்கே எவ்வளவு இருக்கும் என்று ஒரு நம்பிக்கையைக் கேட்டு வாங்குவோம். இரத்தப் பரிசோதனை முடிவுகள் வர வர அதைத் திருத்துவோம். முடிவே வராத இடத்தில் அந்த நம்பிக்கைதான் விடை. முறையில் குற்றமில்லை, நம்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை வாங்கக் கூட்டம் வைத்தோம். புரியாணி வந்தது. தேயிலைத் தோட்டப் பக்கமே எட்டிப் பார்க்காத எங்கள் பெரிய டாக்டர், "தோட்டத்து ஆளுங்க நாள் முழுக்க மலை ஏறி இறங்குறாங்க. அவங்களுக்கு எப்படி சீனி வரும்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வாயில் கோழி இருந்ததால் வேறு வழியில்லை.

"அங்க யாரையும் சோதிக்கவே இல்லையே சேர்" என்றேன்.

"அதுக்குத்தானே உங்க மொடல் இருக்கு."

எல்கடுவைக்கு மேலே என் அக்கா கொழுந்து பறிக்கும் தோட்டம் வரைபடத்தில் பச்சையாக, அதாவது வருத்தம் இல்லாத இடமாக, வந்தது. பரிசோதனை வேன் சிவப்பு இடங்களுக்கு மட்டும். "பாத்தீங்களா, நான் சொன்னதையே கம்ப்யூட்டரும் சொல்லுது!" என்று டாக்டர் பூரித்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நாட்களில் அக்காவுக்குக் காலில் ஒரு புண் ஆறவேயில்லை. பஸ் ஏறி டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். தெருமுனையில் வேன் நின்றது.

"எங்க பக்கம் இது ஏன் தம்பி வர்றதில்ல?"

"உங்களுக்கு வருத்தம் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க."

வீங்கிய காலை நீட்டினாள். "அப்ப இது என்னவாம்?"

வேனில் டவுன்காரர்களுக்கு மட்டும்தான் பரிசோதனை. என் விலாசத்தைச் சொல்லி அவளை உட்கார வைத்தேன். டவுனுக்கு வந்த இடத்தில் வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் அன்று விலாசம் சொல்ல என் தெருவில் ஒரு சித்தி இருந்தாள். அக்காவுக்குச் சீனி எக்கச்சக்கம். உடனே மருந்து தொடங்கியதால் கால் தப்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபடி கணித்தபோது என் தெரு இன்னும் சிவந்தது. தோட்டம் அசையாமல் பச்சை. தெருவைச் சிவக்க வைத்தவர்கள் தோட்டத்து ஆட்கள் என்று டாக்டரிடம் சொன்னேன்.

"விலாசம் டவுன்தானே? வேனை உங்க தெருவுக்கே இன்னொரு தடவ அனுப்புவோம்."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களை எல்லாம் கூட்டிவரச் சொன்னேன்.

"அத்தன பேருக்கும் விலாசம்?"

"நம்ம வீடுதான்."