நானூற்றுப் பன்னிரண்டு கிலோ

எங்கள் பாய்லர்காரருக்கு உலகத்தில் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பத் தெரியாது. அனல்மின் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் கொதிகலனுக்குக் காவல் இருந்தவர். அழுத்தம் காட்டும் முள் சில நேரம் சிக்கிக்கொள்ளும். உள்ளே நிலைமை தலைக்கு மேல் போனாலும் சௌக்கியம் என்றே காட்டும். ஆகவே கண்ணாடியில் விரலால் இரண்டு தட்டு, பிறகு பார்வை, பிறகு பதிவேடு. கல்யாணமான மறுநாளே மாமனார் வீட்டுக் கடிகாரத்தைத் தட்டிய மனிதர் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பூமி சூடாகிறது என்று அரசாங்கம் நிலையத்தை மூடியது. பாய்லர்காரருக்கு ஆட்சேபணை இல்லை. சூடு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலை போனவர்களுக்குப் பசுமை வேலை தருவோம் என்றார்கள். நாற்பத்தெட்டு வயதில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் சூரியத் தகடு படித்தார். தேறியும் விட்டார்.

சூரியப் பண்ணை ஒன்றில் மீட்டர் கண்காணிக்க ஒரே ஒரு இடம் காலி. பசுமை வேலை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பண்ணைக்காரர்கள் மேசை போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் மாடியில் கையெழுத்து வாங்கிச் சான்றிதழைக் கொண்டு வந்தால் இடம் அவருக்கு. இல்லையேல் வரிசையில் அடுத்தவருக்கு.

அன்று மூன்று மணிக்கு மாடியில் அலுவலர் அம்மாள் சான்றிதழை எடுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். எதிரே சுவரில் ஒரு பலகை: ‘இன்று இந்தக் கட்டடம் தடுத்த கரியமில வாயு: 412 கிலோ’. பாய்லர்காரர் சும்மா இருந்திருக்கலாம். விரல் இருக்கவில்லை. இரண்டு தட்டு.

0 கிலோ.

“சார்! என்ன பண்ணிட்டீங்க?”

“தட்டினேன் மேடம். நம்பர் சிக்கியிருந்துச்சு.”

“எட்டு மாசமா நல்லாத்தானே இருந்துச்சு!”

“எட்டு மாசமும் இதே நானூத்திப் பன்னண்டா?”

“ஏத்த இறக்கம் இல்லாம இருந்தா நல்லதுதானே?”

மழை நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த எண்ணே தலைமையகத்துக்குப் போயிருக்கிறது. சிறந்த பசுமை அலுவலகம் என்ற விருதுக்கும் பெயர் போயிருக்கிறது. அம்மாள் பேனாவை மூடினார்.

“முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அப்புறம் கையெழுத்து.”

மொட்டை மாடியில் பன்னிரண்டு சூரியத் தகடுகள் சும்மா படுத்திருந்தன. அவற்றின் வயரை எதனோடும் இணைத்திருக்கவில்லை; திறப்பு விழா ரிப்பனால் அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். இருபது நிமிடத்தில் இணைத்துவிட்டுக் கீழே வந்தார். பலகை உயிர் பெற்று உண்மையைச் சொன்னது: 3 கிலோ.

“மூணா? இதை வெச்சுக்கிட்டு மேலிடத்துல நான் என்ன சொல்றது?”

“பத்துத் தகடு நிழல்ல கெடக்கு மேடம். பசுமைத் திட்டம்னு மொட்டை மாடியில போர்டு வெச்சிருக்கீங்கல்ல, அதுல அமைச்சர் சிரிப்பு கொஞ்சம் பெருசு. போர்டை நாலடி நகர்த்தினா கூடும்.”

“அமைச்சரை நகர்த்தவா? என் வேலையை நகர்த்திடுவாங்க! நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பதிவேட்டுல கையாலயே நானூத்திப் பன்னண்டுன்னு எழுதி, சரிபார்த்தவர்னு கையெழுத்துப் போடுங்க. அடுத்த நிமிஷம் நான் உங்களுக்குப் போடறேன்.”

மணி மூன்று நாற்பது. அவர் வராந்தாவுக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

“ஏங்க, ஒரு நம்பர்தானே, எழுதித் தொலைங்களேன்! நாலு வருஷமா என் வயசு முப்பத்தொம்பதுன்னு சொல்லிட்டிருக்கேன். யாராவது தட்டிப் பார்த்தாங்களா?”

நியாயமான கேள்வி. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பதிவேட்டை விரித்தார். பேனா தாளைத் தொட்டது. தொட்டபடியே வெகுநேரம் நின்றது. இதை நேர்மை என்று யாரும் மாலை போட வேண்டாம். பொய்யாக எழுதிய ஒரு பதிவால் பக்கத்துக் கொதிகலன் வெடித்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு கை வேறு மாதிரி எழுத மறுத்துவிட்டது. கடைசியில் எழுதினார்: மூன்று.

அம்மாள் பார்த்தார். சான்றிதழைக் கோப்புக்குள் வைத்தார். கோப்பை அலமாரிக்குள் வைத்தார்.

“தலைமையகத்துக்கு விளக்கம் எழுதணும். திங்கக்கிழமை வந்து பாருங்க.”

“மேடம், கீழ நாலு மணி வரைக்கும்தான்...”

“நீங்கதானே சார் தட்டினீங்க?”

படியிறங்கி ஓடினார். பண்ணைக்காரர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரம் நான்கு மணி இரண்டு நிமிடம் காட்டியது. பாய்லர்காரர் கிட்டே போய், எம்பி, கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அது சிக்கியிருக்கவில்லை.