இட் என்று ஒரு துண்டு

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் நமக்கு முதல் எதிரி மத்தியானச் சாப்பாடு. மார்க்கர் பிடித்துப் பிழைக்கிற சக பாவிகளே, நீங்களும் இதை ஒப்புக்கொள்வீர்கள்.

இரண்டு மணி வகுப்பு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. அந்த நேரத்தை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும். வருகிறவர்கள் எல்லாம் வாழை இலைச் சாப்பாட்டை ரசம், மோர் வரைக்கும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் படியேறுவார்கள். கீழேயிருந்து மல்லிகை வாசம் வரும். மேலே காற்றாடி சுற்றும். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் ஏதோ கனவுக்குள் போகிற மாதிரி மெல்ல வளைந்து போகும். பத்து நிமிஷத்தில் பாதி வகுப்புக்குக் கண் சொக்கிப்போகும். நான் பேசுவது எனக்கே தாலாட்டு மாதிரி கேட்க ஆரம்பித்துவிடும்.

அப்படி ஒரு ஞாயிறுதான், போர்டில் "ஐ ஃபைண்ட் இட் ஈஸி டு" என்று எழுதி, மிச்சத்தை நீங்களே போட்டு முடியுங்கள் என்றேன். முதலில் கை தூக்கியவர் சேகர். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, அடுத்த தெருவில் முடி வெட்டுகிறவர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நம்மவர்கள் யாரும் முடி வெட்ட உட்கார மாட்டார்கள் என்பதால் அந்த நேரம் அவருக்கு ஓய்வு. "ஐ ஃபைண்ட் இட் ஈஸி டு ஸ்லீப் இன் திஸ் கிளாஸ்" என்றார். ஒரு பிழை இல்லை. திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் மனசு வரவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவரே சமாதானம் சொன்னார்: "கோச்சுக்காதீங்க டீச்சர், வாரம் பூரா அடுத்தவங்களைத்தான் நாற்காலியில உக்கார வைக்கிறேன். எனக்குன்னு ஒரு நாற்காலி இங்கதான் இருக்கு."

துண்டு

மறு வாரமும் சேகர்தான் வம்பை ஆரம்பித்தார். வாக்கியத்துக்கு நடுவில் நிற்கிற இந்த 'இட்'டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு டீச்சர் ஒரு இடம்?" என்றார். நியாயமான கேள்விதான். புத்தகத்தில் இருந்த விளக்கத்தை வாசித்தேன்; இன்னும் இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. "மாமா காரை நிறுத்திட்டு வர்ற வரைக்கும் அத்தை அவர் நாற்காலியில என்ன போட்டு வைப்பாங்க?" என்று கேட்டேன். "துண்டு!" என்று தூங்கினவர்களும் சேர்ந்து கத்தினார்கள். "அந்தத் துண்டுதான் இட். நிஜமா வரவேண்டிய ஆள் 'டு ஸ்லீப்'. அவர் ஆடி அசைஞ்சு பின்னாலதான் வருவார். அதுவரைக்கும் இடம் போயிடாம இருக்க ஒரு துண்டு" என்றேன்.

எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அம்பலவாணர் அங்கிளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட நல்ல இங்கிலீஷ்காரர். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல்தான் 'படிக்க' வருகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் சர்வீஸ் முழுக்க இங்கிலீஷிலதான் எழுதினனான் பிள்ளை, ஒரு கடிதத்திலயும் துண்டு போட்டதில்லை."

கிள்ளான் அக்கா

துண்டை நிஜமாகவே எடுத்துக்கொண்டவர் தனலட்சுமி அக்கா. கிள்ளானில் முறுக்கு சுட்டு விற்கிறவர். அடுத்த ஞாயிறு வந்ததும் பையிலிருந்து பூப்போட்ட துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் விரித்தார். அதற்கடுத்த ஞாயிறும் விரித்தார். யாருக்கு அக்கா என்றால், மருமகளுக்கு என்பார். மருமகள் சூ லின் சீனப் பெண், காஜாங்கில் இருக்கிறாள். மகன் தன் பேச்சைக் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டான் என்று அக்கா கல்யாணத்துக்கே போகவில்லை. இப்போது மகன் மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவளையும் கூட்டிட்டு வாடா என்றால், கூப்பிட வேண்டியது நீங்கள், நான் தூது போக மாட்டேன் என்கிறான். இந்தத் தீபாவளிக்கு அவளை வீட்டுக்கு வரவழைத்துவிட வேண்டும். அக்கா படிக்க வந்ததே அதற்குத்தான். மலாயில் பேசிவிடலாமே என்று கேட்டேன். "மலாய்ல எனக்குப் பாசார்ல பேரம் பேசத்தான் வரும் டீச்சர். மருமககிட்ட பேரமா பேசறது?" என்றார்.

ஒரு நாள் கூட்டம் சேர்ந்து நாற்காலி பத்தவில்லை. புதிதாக வந்த ஒருவர் துண்டை எடுக்கப் போக, அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். வராத ஆளுக்கு எதுக்கு அக்கா இடம் என்று நானும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டேன். அக்கா துண்டை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு முன் வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு, அவ சால்வையை விரிச்சு வெச்சிருந்தாளாம் லா. சாப்பாடு முடியிற வரைக்கும் யாரையும் அதுல உக்கார விடலையாம்."

முணுமுணுப்பு

ஒரு முறை அக்காவோடு கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். வெயில் சாய்ந்த நேரம். ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு சே சாரி" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். நான் எழுதிக்கொடுத்த வாக்கியம்தான். மன்னிப்புக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாலே பாதி கேட்ட மாதிரிதானே என்பது என் கணக்கு. பாதித் தூக்கத்தில் எனக்கு அந்த வாக்கியம் ரயில் ஓடுகிற சத்தமாகவே கேட்டது.

கடைக்குப் போய் வாணலி முன்னால் நின்ற பிறகும் அக்கா நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறுக்கையும் எண்ணெயில் விடும்போது ஒரு சாரி. பக்கத்தில் பழம் விற்கிறவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்கா, உள்ள போறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுகிட்டயும் மன்னிப்பு கேக்கறீங்களா?"

அங்கிளின் வாக்கியம்

அக்காவின் வாக்கியம் வகுப்புக்கே பொது வேலையாகிவிட்டது. என் வாக்கியம் மொட்டையாக இருக்கிறது என்று அங்கிளுக்கு அபிப்பிராயம். ஒரு வாரம் யோசித்து, அடுத்த ஞாயிறு எழுந்து நின்று கணீரென்று சொன்னார்: "ஐ வுட் டீம் இட் எ க்ரேட் ப்ரிவிலேஜ் டு ரிசீவ் யூ அட் மை ஹம்பிள் ரெசிடென்ஸ்." இலக்கணப்படி ஒரு குறை சொல்ல முடியாது, துண்டு கூட அவரை அறியாமல் உள்ளே விழுந்திருந்தது. அக்கா 'ப்ரிவிலேஜ்' வரைக்கும் முயற்சி பண்ணிவிட்டுத் தண்ணீர் குடித்தார். சேகர் பின் வரிசையிலிருந்து சொன்னார்: "அங்கிள், இதைக் கேட்டா அந்தப் பொண்ணு வக்கீலைக் கூட்டிட்டுத்தான் வரும்."

போன்

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. "தனியா பேசினா அழுதுடுவேன், நீங்கல்லாம் கூட இருங்க" என்று அக்கா போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். வெளியே அடைமழை. ஜன்னலுக்கு அப்பால் கட்டடமெல்லாம் கரைந்துபோய்த் தெரிந்தது. போனில் ஹலோ கேட்டது. "சூ லின்... ஐ ஃபைண்ட் இட்..." என்றார் அக்கா. அவ்வளவுதான், நின்றுபோனார். நாங்கள் எல்லோரும் வாயை மட்டும் அசைத்து 'ஹார்ட், ஹார்ட்' என்கிறோம். ஊஹூம். துண்டை விரித்தாயிற்று, ஆளைக் காணோம். அந்தப் பெண் போனை வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கமும் மழை பெய்வது கேட்டது.

கடைசியில் அக்கா படித்த வாக்கியத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, "யூ கம் லா. தீபாவளி. ப்ளீஸ், கம்" என்று சொல்லி அழுதேவிட்டார். அங்கிள் திருத்தவில்லை. சேகர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சூ லின் சொன்னாள்: "ஓகே அம்மா, கேன். ஐ வெயிட் சோ லாங் ஆல்ரெடி."

நாற்காலி

தீபாவளி கழிந்த ஞாயிறு அக்கா ரயிலில் வரவில்லை. சூ லின் காரில் கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டுப் போகலாம் என்றவளைக் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு நன்றாகச் சாப்பிட வைத்து, கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துவந்தார் அக்கா. பூப்போட்ட துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். நான் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழக்கமான வாக்கியத்தை எழுதினேன். சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவள் ஒருத்தி வந்திருக்கிறாளே, உதாரணத்துக்கு ஒன்று சொல்லச் சொல்லலாம் என்று ஆசையாகத் திரும்பினால், அவள் அக்காவின் தோளில் சாய்ந்து வாயை லேசாகத் திறந்துகொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள். அக்கா மடித்த துண்டால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் மார்க்கரால் போர்டைத் தட்டினேன். அக்கா என்னை முறைத்தார்: "மெதுவா லா டீச்சர், எம்பொண்ணு தூங்கறா."

மத்தியானச் சாப்பாட்டை எதிரி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, சக பாவிகளே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.